பகலிலும் ஒரு விளக்கு

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் சாலையில் வளைவுகள் மிகுதி, மூடுபனியும் இறங்கும். எதிரே வருபவர் நம்மை முன்கூட்டியே காண உதவுவது பகல்விளக்கு. மலேசியாவில் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முன்விளக்கை எரியவிட வேண்டும் என்ற விதி 1992-இல் வந்தது. காருக்கும் அதே பயன்தான்.

இவ்விளக்கைப் பேட்டரியுடன் நேரே இணைக்கலாமா? கூடாது. இரு விளக்குகளும் சேர்ந்து 12 வாட் என்றால், 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர் இழுக்கும். இரவெல்லாம் எரிந்தால், பழைய பேட்டரி குளிர்ந்த காலையில் இயந்திரத்தைக் கிளப்பாது.

ஆகவே, சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் கம்பியிலிருந்து, 3 ஆம்பியர் பியூஸ் வழியாக, ஐந்து முனை ரிலேயின் 30ஆம் முனைக்கு இணைப்புக் கொடுங்கள். 87ஏ முனை பகல்விளக்குக்கு; 86 சிறுவிளக்கின் கம்பிக்கு; 85-ஐயும் பகல்விளக்கின் மறுகம்பியையும் காரின் உலோக உடலில் இணையுங்கள். 87 வெறுமையாக இருக்கட்டும். இனிச் சிறுவிளக்கைப் போட்டதும் பகல்விளக்கு தானே அணையும்.

ஒன்றை மறவாதீர்கள்: இவ்விளக்கு முன்னால் மட்டுமே எரிகிறது; பின்விளக்கு எரிவதில்லை. மூடுபனி சூழ்ந்தால் முன்விளக்கைத் தாழ்த்திப் போடுங்கள். அப்போதுதான் பின்னால் வரும் லாரிக்காரருக்கும் நீங்கள் தெரிவீர்கள்.