ஒருவர் தூங்க, ஒருவர் விழிக்க

கணவனும் மனைவியும் மட்டும் 25 அடிப் பாய்ப்படகில் சென்னையிலிருந்து கரையோரமாகப் பாம்பனுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். தூரம் சுமார் 250 கடல் மைல். இந்த அளவுப் படகு நல்ல காற்றில் மணிக்கு நான்கைந்து கடல் மைல் ஓடும். பாம்பனுக்கு இரண்டரை, மூன்று நாள் ஆகும். வழியில் ஆற்று முகத்துவாரங்கள் பலவும் மணல் தூர்ந்து கிடப்பதால், இருட்டியதும் ஒதுங்கிப் படுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. இரவு முழுக்க ஓட்டியாக வேண்டும்.

அதனால் மூன்று அல்லது நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்வார்கள். ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனி ஆள். பாயைத் திருத்துவது, வரைபடம் பார்ப்பது, தேநீர் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. சுக்கானைப் பிடித்துக்கொண்டே இருந்தால் இதில் எதுவும் நடக்காது. படகு தன்னைத்தானே செலுத்திக்கொண்டால்தான் இரண்டு பேர் பயணம் சாத்தியம்.

முதலில் பாயைப் பார்த்துவிடுவோம். காற்று வரும் திசைக்கு நேர் எதிராக எந்தப் பாய்ப்படகும் போகாது. சுமார் 45 பாகை விலகி ஒரு பக்கம், பிறகு திரும்பி மறுபக்கம் என்று, சேலம்–ஏற்காடு சாலை 20 கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறுவதுபோல, வளைந்து வளைந்துதான் முன்னேற முடியும். பாயின் இரு பக்கமும் காற்றழுத்தம் வேறுபடுவதால் படகு முன்னோக்கியும் பக்கவாட்டிலும் இழுபடுகிறது. பக்கவாட்டு நழுவலை அடியில் நீருக்குள் இறங்கியிருக்கும் ஏரா தடுக்கிறது. அதில் ஈயமோ இரும்போ கனமாகச் சேர்த்திருப்பதால் படகு சாய்ந்தாலும் நிமிர்ந்துகொள்ளும்.

இனி அந்தத் தானியங்கிச் சுக்கான். எனக்கு இதைவிட அழகான கருவி கடலில் வேறில்லை. படகின் பின்முனையில் மெல்லிய பலகை ஒன்று காற்றுக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். படகு திசை மாறினால் காற்று பலகையின் முகத்தில் மோதி அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு, நீருக்குள் தொங்கும் ஒரு துடுப்பைச் சற்றே திருப்பும். ஓடும் நீர் துடுப்பைப் பலமாக ஒரு பக்கம் தள்ள, அதில் கட்டிய கயிறுகள் சுக்கானை இழுக்க, படகு பழைய கோணத்துக்கு வந்துவிடும். மின்சாரமே வேண்டாம். பிரிட்டனின் பிளாண்டி ஹாஸ்லர் 1960-இல், அட்லாண்டிக்கைத் தனியாகக் கடக்கும் முதல் பந்தயத்தில், காற்றுப் பலகை பொருத்திய ‘ஜெஸ்டர்’ படகில் இரண்டாவதாக வந்தார். லின், லாரி பார்டி தம்பதி 1968-இல் நீரில் இறக்கிய ‘செராஃபின்’ 24 அடிதான். எஞ்சின் கிடையாது. அதில் உலகையே சுற்றினார்கள். இங்கேயும் கோழிக்கோட்டுத் தில்னா, புதுச்சேரி ரூபா என்ற இரு கடற்படை அதிகாரிகள், 56 அடி ‘தாரிணி’யில் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றி 2025 மே மாதம் திரும்பினார்கள்.

ஆனால் கரையோரத்தில் இந்தப் பலகையை நம்பிக் கண்ணயர முடியாது. அது காற்றோடு கோணத்தைக் காக்குமே தவிர, திசைகாட்டியை அறியாது. நம் கிழக்குக் கரையில் பிற்பகலில் கடற்காற்று. இரவு முற்றியதும் நிலத்திலிருந்து காற்று. விடியுமுன் நிலக்காற்றில் கடலுக்குப் போய்க் கடற்காற்றில் கரை திரும்பும் பழக்கம் பாய்மர மீனவர்களுக்கு இருந்தது. அதே மாற்றம் நம் தம்பதியின் படகைச் சத்தமில்லாமல் கரைப்பக்கம் திருப்பிவிடக்கூடும். ஆழ்கடலில் இப்படித் திசை பிசகினால் சில மைல்தான் நஷ்டம், இங்கே தரைதட்டும். போதாததற்கு மீன்வலைகள், சிறு விளக்கோடு மிதக்கும் ஃபைபர் படகுகள். கடலுக்குப் புதியவர்கள் நடுக்கடலுக்குத்தான் அஞ்சுவார்கள். மாலுமிகளுக்குப் பயம் கரையிடம்.

காலம் பார்த்துக் கிளம்புவதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர்வரை புயல் காலம். அது ஓய்ந்து ஜனவரி, பிப்ரவரியில் வாடைக்காற்று தணிந்து வீசும்போது தெற்கே போகிறவர்களுக்கு அது முதுகுப்பக்கத்துக் காற்று. கோடியக்கரையைச் சுற்றியதும் பாக் நீரிணை. ஆழம் குறைவு, இலங்கையுடனான கடல் எல்லையும் பக்கத்திலேயே. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் 72.5 மீட்டர் நீளப் பகுதி ஒன்று 17 மீட்டர்வரை மேலே எழும். அதற்கான அனுமதி கிடைக்கும்வரை நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்க அங்கேதான் வாய்ப்பு.