கனிமங்களை இனங்காண்போம்

பகாங் மாநிலத்தில் குவாந்தானுக்கு அருகே அமைந்துள்ள சிற்றூர் சுங்கை லெம்பிங். 1906ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்று இங்கு நிலத்தடியில் ஆழமான சுரங்கம் அமைத்து ஈயம் எடுத்துவந்தது. உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்ததால் 1986இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. இத்தகைய பழைய சுரங்கங்களிலிருந்து கிடைத்த கற்களில் பல வகைக் கனிமங்கள் உள்ளன. அவற்றை எவ்வாறு இனங்காண்பது?

நிறத்தை மட்டும் நம்பக்கூடாது. பைரைட் என்னும் கனிமம் பொன்போல் மின்னும். ஆனால், அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. மெருகிடாத வெள்ளைப் பீங்கான் ஓட்டில் அதைத் தேய்த்தால் கரும்பச்சைக் கோடு விழும். பொன்னைத் தேய்த்தால் மஞ்சள் கோடு விழும். ஒரு கனிமத்தின் தூள் நிறத்தைக் காட்டும் இக்கோட்டைக் 'கீற்று' என்பர்.

அடுத்தது கடினத்தன்மை. 1812இல் ஜெர்மானியரான பிரெடரிக் மோஸ் இதனை அளக்க 1 முதல் 10 வரையிலான அளவுகோலை வகுத்தார். எஃகுக் கத்தியின் கடினத்தன்மை ஏறக்குறைய 5.5 ஆகும். செம்பு கலந்த சால்கோபைரைட்டும் பொன்னிறமானதே. கத்தி அதைக் கீறும், பைரைட்டைக் கீறாது.

மூன்றாவது எடை. ஈயத்தின் தாதுவான கேசிட்டரைட் நீரைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு அடர்த்தியானது. சாதாரண மணலின் அடர்த்தியோ அதில் பாதிகூட இல்லை. டூலாங் தட்டில் மணலை அலசும்போது மணல் நீரோடு வெளியேற, கருநிறத் தாது அடியில் தங்குவது இதனால்தான்.

இனங்கண்ட பிறகு நிறம், பளபளப்பு, கீற்று, கடினத்தன்மை, படிகத்தின் வடிவம் ஆகியவற்றைக் குறித்துவைக்க வேண்டும். கல் கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதி, அச்சீட்டைக் கல்லுடனேயே வைக்க வேண்டும். கல்லின் பெயரைப் பிறகும் சோதித்து அறியலாம். அது கிடைத்த இடத்தைச் சோதனையால் உறுதியாகக் கூற இயலாது. மூடப்பட்ட சுரங்கத்திற்குள் மீண்டும் சென்று பார்ப்பதும் எளிதன்று. எனவே, சீட்டுத் தொலைந்தால் அச்சுரங்கத்தைப் பற்றிய ஒரு சான்றும் தொலைந்துபோகும்.

கைவிடப்பட்ட சுரங்கங்களுக்குள் ஒருபோதும் நுழையாதீர்கள். மண் சரியலாம், நச்சுக் காற்றும் தேங்கியிருக்கலாம். சில கனிமங்களில் ஆர்செனிக் நஞ்சு உள்ளது. ஆகவே, கற்களை நாவில் வைக்காதீர்கள். தொட்டபின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.