மார்பில் குத்திய பேட்ஜுக்குத் தெரியாதது

2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பணியாளர்களின் சிறுநீரில் டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் வழக்கத்தைவிட அதிகமாக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடியதில் அகப்பட்டது குடிநீர் குளிர்விப்பான். உலையின் டிரிட்டியம் சேர்ந்த கனநீரை யாரோ வேண்டுமென்றே அதில் கலந்திருந்தார்கள். அணிந்திருந்த கதிர்வீச்சு பேட்ஜால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. டிரிட்டியம் விடும் பீட்டா கதிர் தோலைக்கூடத் தாண்டாது. தண்ணீரோடு உள்ளே போய்விட்டாலோ உடம்பு முழுக்கப் பரவிவிடும். வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ச் சோதனைதான் காட்டிக்கொடுத்தது.

கல்பாக்கத்திலும் கனநீர் உலைகள் உண்டு. அங்கே "சாம்பிள் கொடுத்தாயா?" என்று கேட்டால் அதை வெறும் சடங்காக நினைக்கக் கூடாது. உடலில் சேர்ந்த டிரிட்டியத்தில் பாதி ஏறத்தாழ பத்து நாளில் வெளியேறிவிடும். ஒரு மாதம் கழித்துக் கொடுத்தால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். மருத்துவரும் இந்தக் கழிவு வேகத்தைத்தான் நம்புகிறார்: நிறையத் தண்ணீர், தேவைப்பட்டால் சிறுநீர் பெருக்கும் மருந்து. சீசியம் என்றால் கதை வேறு. அதற்குப் பிரஷ்யன் நீலம் தருவார்கள்.

வேலை உடுப்பைக் கழற்றி, கைகழுவிய பிறகே சாம்பிள் எடுக்க வேண்டும். விரலில் ஒட்டிய தூசு குப்பிக்குள் விழுந்தால், உடம்புக்குள் போகாததும் போனதாகக் கணக்காகிவிடும். டிரிட்டியத்துக்குக் கொஞ்சம் போதும். யுரேனியம், புளூட்டோனியம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 24 மணி நேரச் சிறுநீர் முழுவதும் வேண்டும். இரவில் எழுந்து போனதையும் விடக் கூடாது. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எக்ஸ்ரே எடுத்தவர்கள் இந்தச் சோதனைக்கு அலைய வேண்டாம்; அந்தக் கதிர் உடலில் எதையும் விட்டுவைப்பதில்லை. தெருமுனை லேப்பிலும் இது நடக்காது. எல்லோர் சிறுநீரிலும் இயற்கையான பொட்டாசியம்-40 இருக்கும் என்பதால், 'கதிரியக்கம் உண்டு' என்ற ஒற்றை வரிக்கு அர்த்தமே இல்லை. எந்தத் தனிமம், எவ்வளவு, எத்தனை மில்லிசீவெர்ட் என்று கேளுங்கள். தொழிலாளிக்கு எந்த ஓர் ஆண்டிலும் 30, ஐந்து ஆண்டுச் சராசரியில் 20. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1 என்பது நம் நாட்டு வரம்பு.

சாம்பிள் கொடுப்பவர்களில் பலர் முடிவைக் கேட்பதில்லை என்பதுதான் என் குறை. 2004ஆம் ஆண்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி, கதிர்வீச்சு அளவுப் பதிவையும் மருத்துவக் கண்காணிப்பு அறிக்கையையும் ஆண்டுதோறும், கேட்கும்போதும், வேலையை விட்டுப் போகும்போதும் தர வேண்டியது முதலாளியின் கடமை. தற்காலிக வேலையாளும் அந்த விதியில் தொழிலாளிதான். காண்ட்ராக்ட் முடிந்து கணக்குத் தீர்க்கும்போது, சம்பளப் பாக்கியோடு அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்குங்கள்.