உங்களுக்குத் தெரியுமா? – நியூரம்பெர்க்கில் ஒரு நாள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் மியூனிக்குக்கு அடுத்த பெரிய நகரம் நியூரம்பெர்க். மியூனிக்கிலிருந்து வேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே பழைய நகரின் மதில் நிற்கிறது. மதிலுக்குள் எல்லாமே நடக்கிற தூரம்தான். காலையில் போய் இறங்குகிறவர்களுக்காக இந்த வாரத் துணுக்குகள்.

● பகல் 12 மணிக்கு ஹாப்ட்மார்க்ட் சதுக்கத்தில், ஃபிராவன்கிர்ஷ என்ற மாதா கோயிலின் முன்னால் நின்றுவிடுங்கள். 1509-இல் பொருத்திய இயந்திரக் கடிகாரம் அங்கே இருக்கிறது. மணி அடித்ததும் ஏழு பொம்மைகள் வரிசையாக வெளியே வந்து, நடுவில் அமர்ந்திருக்கும் பேரரசரை மூன்று முறை வலம் வரும். அவர் நான்காம் கார்ல். பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏழு பேருக்கு உண்டு என்று 1356-இல் ‘பொன் முத்திரை ஆணை’ பிறப்பித்தவர். புதிதாகத் தேர்வாகும் மன்னர் தம் முதல் அவையை நியூரம்பெர்க்கில்தான் கூட்ட வேண்டும் என்பதும் அந்த ஆணையில் இருக்கிறது.

● அதே சதுக்கம் 1349 வரை யூதர்களின் குடியிருப்பாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த படுகொலையில் குறைந்தது 562 யூதர்கள் உயிரிழந்தார்கள். அவர்களுடைய ஜெப ஆலயம் இருந்த இடத்தில்தான் மாதா கோயில் எழுந்தது. யூதர்களின் வீடுகளை இடித்துச் சந்தை அமைத்துக்கொள்ளலாம் என்று சில வாரங்களுக்கு முன்பே எழுத்தில் அனுமதி கொடுத்தவரும் இதே நான்காம் கார்ல்தான். பொம்மைகளைப் படம் பிடித்ததோடு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போனால் தரையில் தாவீதின் நட்சத்திரத்தைப் பதித்திருக்கிறார்கள். அங்கே ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும்.

● சதுக்கத்தின் மூலையில் கோபுரம் போல நிற்கும் ‘அழகிய நீரூற்று’ ஏறக்குறைய 19 மீட்டர் உயரம், 40 உருவங்கள். அதன் இரும்புக் கிராதியில் ஒரு பித்தளை வளையம் இருக்கிறது. அதைச் சுழற்றி வேண்டிக்கொண்டால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை.

● இனி சாப்பாடு. நியூரம்பெர்க் தொத்திறைச்சிக்கு, அதாவது சாசேஜுக்கு, நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர், எடை 20 முதல் 25 கிராம். கிட்டத்தட்ட ஒரு சுண்டுவிரல் அளவு. நகர எல்லைக்குள் தயாரானால் மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். 2003 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பும் இதற்கு உண்டு. பன்றி இறைச்சியைக் கொரகொரப்பாக அரைத்து, மார்ஜோரம் என்ற மூலிகை சேர்த்து, ஆட்டுக் குடலில் அடைக்கிறார்கள்.

பீச் மர விறகு எரியும் அடுப்பங்கரையை எட்டிப் பாருங்கள். கம்பி வலையின் மேல் வரிசை வரிசையாகக் கிடக்கும். சமையல்காரர் இடுக்கியால் புரட்டிக்கொண்டே இருப்பார். தோல் வெடித்துச் சொட்டும் கொழுப்பு தணலில் விழுந்து சுர்ரென்று புகை கிளம்பும். அந்தப் புகைதான் இதன் ருசி. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று எண்ணிக்கை சொல்லித்தான் கேட்க வேண்டும். வெள்ளீயத் தட்டில், புளித்த முட்டைக்கோஸும் காரமான குதிரைமுள்ளங்கித் துருவலும் பக்கத்தில் வரும். உட்கார நேரமில்லை என்றால் தெருக்கடையில் ‘டிரை இம் வெக்லா’ என்று கேளுங்கள். ஒரு சிறு பன்னுக்குள் மூன்று வைத்துக் கையில் கொடுப்பார்கள். ஊர் வாயில் கதவை அடைத்த பிறகு சாவித் துவாரம் வழியாக விற்பதற்காகவே இவ்வளவு மெல்லியதாகச் செய்தார்கள் என்று ஊரில் கதை சொல்வதுண்டு.

● இறைச்சி சாப்பிடாதவர்கள் கவலைப்பட வேண்டாம். நகரின் வடக்கே க்னோப்லாஹ்ஸ்லாண்ட் என்ற காய்கறி வயல்வெளி பரந்து கிடக்கிறது. அங்கே விளையும் தண்ணீர்விட்டான் வகை வெள்ளைத் தண்டு, ஷ்பார்கெல், ஏப்ரல் முதல் ஜூன் 24 வரை எல்லா உணவகத்திலும் கிடைக்கும். உருளைக்கிழங்கு உருண்டையும் பாலாடைக்கட்டியும் பிரெட்செலும் எப்போதும் உண்டு. ஆனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். தென் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வடிநீர் ஊற்றுவது வழக்கம். முட்டைக்கோஸிலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கலாம்.

● இந்தியக் காண்டாமிருகம் ஒன்றை ஐரோப்பா முழுக்கப் பிரபலமாக்கியவர் இந்த ஊர் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாபர் ஷா போர்த்துக்கீசியருக்கு அன்பளிப்பாகக் கொடுத்த விலங்கு அது. 1515 மே மாதம் லிஸ்பனில் வந்து இறங்கியது. டியூரர் அதைப் பார்க்கவே இல்லை. ஒரு கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்துக்கொண்டு மரச்செதுக்கு அச்சாக வெளியிட்டார். உடம்பெல்லாம் கவசத் தகடுகள், தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு. இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஐரோப்பியர்கள் காண்டாமிருகம் இப்படித்தான் இருக்கும் என்று நம்பினார்கள். பாவம், அந்த விலங்கு போப்பாண்டவருக்குப் பரிசாகப் போகும் வழியில், 1516-இல் இத்தாலியக் கடற்கரையருகே கப்பல் கவிழ்ந்து இறந்தது.

1509 முதல் 1528-இல் இறக்கும் வரை டியூரர் வாழ்ந்த வீடு, நகரின் மலைமேல் நிற்கும் கோட்டைக்கு அருகிலேயே இருக்கிறது. இன்று அது அருங்காட்சியகம்.

● இந்த ஊர் தேடிப்போன இந்தியச் சரக்கு, மிளகு. 1505-இல் போர்த்துக்கீசியக் கப்பல்கள் மலபாருக்குக் கிளம்பியபோது அதில் பணம் போட்ட ஜெர்மானிய வணிகர்களில் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் என்ற நியூரம்பெர்க் குடும்பங்களும் இருந்தன. அதற்கும் முன்பே, 1492-க்கும் 1494-க்கும் இடையில், மார்ட்டின் பெஹைம் இங்கே ஓர் உலக உருண்டை செய்தார். இன்று மிஞ்சியிருக்கும் உலக உருண்டைகளில் அதுவே மிகப் பழையது. அமெரிக்கா அதில் இல்லை. வாசனைச் சரக்குகள் கிழக்குத் தீவுகளிலிருந்து எத்தனை கை மாறி, எத்தனை இடத்தில் சுங்கம் கட்டி வருகின்றன என்ற விவரம் அதன் மேலேயே எழுதியிருக்கிறது. ஜெர்மானியத் தேசிய அருங்காட்சியகம் அதைப் பாதுகாக்கிறது.

● அந்தச் சரக்குகளை நாக்கில் உணர ‘லெப்குஹன்’ வாங்குங்கள். பட்டை, கிராம்பு, ஏலம், கொத்தமல்லி விதை எல்லாம் சேர்ந்த தேன் மணக்கும் பண்டம். இந்த ஊரில் இதைச் செய்தவர்களைப் பற்றி 1395-லேயே பதிவு இருக்கிறது. சுற்றியுள்ள காட்டில் தேன், சந்தையில் மசாலா. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் தொழில் வேர் பிடித்தது. கடையில் ‘எலிசன்’ ரகம் என்று கேட்டு வாங்குங்கள். அதில் பாதாம், ஹேசல்நட், வால்நட் போன்ற பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விலை கூடுதல்தான், கொடுக்கலாம். முட்டை சேர்ப்பார்கள் என்பது நினைவிருக்கட்டும்.

● கோட்டைக்குள் பாறையைக் குடைந்த கிணறு ஏறக்குறைய 50 மீட்டர் ஆழம். வழிகாட்டி மேலிருந்து தண்ணீரை ஊற்றுவார். அது அடியில் விழும் சத்தம் கேட்கும் வரை கூட்டம் மூச்சை அடக்கிக் காத்திருக்கும். பிறகு மெழுகுவத்தியை இறக்கிக் காட்டுவார்கள்.

● கோட்டை மலைக்கு அடியிலும் ஒரு நகரம் உண்டு. பீர் காய்ச்சி விற்க நினைப்பவர் சொந்தமாகப் பாதாள அறை வைத்திருக்க வேண்டும் என்று 1380-லேயே நகர மன்றம் விதித்தது. அப்படிக் குடைந்த அறைகள் அடுக்கடுக்காக நீள்கின்றன. இரண்டாம் உலகப் போரில் மக்கள் உயிர் தப்ப ஒதுங்கியது இந்தப் பாறைக்குள்தான். 1945 ஜனவரி 2 குண்டுவீச்சில் மேலே பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமானது. நீங்கள் பார்க்கும் ‘பழைய’ வீதிகளில் பெரும்பாலானவை பிறகு பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டியவை.

● ஜெர்மனியில் நீராவி எஞ்சின் இழுத்த முதல் பயணிகள் ரயில் 1835 டிசம்பர் 7 அன்று இங்கிருந்து ஃபியூர்த்துக்கு ஓடியது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர். எஞ்சின் இங்கிலாந்தில் ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் செய்தது, ஓட்டியவரும் ஆங்கிலேயர். மறு ஆண்டு அதில் ஏறிய முதல் சரக்கு, இரண்டு பீப்பாய் பீர்.

● அந்தத் தடத்தை ஒட்டியே இன்றைய யு1 மெட்ரோ ஓடுகிறது. அதில் பேரென்ஷான்ட்ஸ நிலையத்தில் இறங்கினால் நீதிமன்ற வளாகம். அதன் 600-ஆம் எண் அறையில்தான் 1945 நவம்பர் 20 முதல் 1946 அக்டோபர் 1 வரை நாஜித் தலைவர்கள் மீது விசாரணை நடந்தது. 12 பேருக்கு மரண தண்டனை, 7 பேருக்குச் சிறை, 3 பேர் விடுதலை. நான்கு மொழிகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பு நடந்த முதல் பெரிய வழக்கும் இதுவே. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த 1935-ஆம் ஆண்டுச் சட்டங்களை நாஜிகள் அறிவித்ததும் இதே ஊரில்தான். 2020 வரை சாதாரண வழக்குகளும் அந்த அறையில் நடந்துவந்தன.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் கடைத்தெருவில் செலவிடும் நேரத்தைக் குறைத்து, 600-ஆம் அறைக்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். புறப்படும் முன் திறந்திருக்கும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள்கிழமை விடுமுறை, ஆனால் இந்த நீதிமன்ற அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை.