வனவிலங்குத் துறையில் சட்ட மாணவருக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் சட்டம் படிக்கிறவர் ஒரு பருவம் முழுக்க அந்நாட்டு மீன், வனவிலங்குத் துறையின் வழக்கறிஞர்களிடம் வேலை பழகலாம். எக்ஸ்டர்ன்ஷிப் என்பார்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. ஒரு பாடமாகப் படிப்புக் கணக்கில் சேரும்.

கேட்டதும் நமக்கு ஜீப்பும் காடும் வேட்டைக்காரரும் நீதிமன்ற வாதமும்தான் நினைவுக்கு வரும். ஆனால் திருட்டு வேட்டைக்காரரைப் பிடிக்கத் துறையில் தனி அதிகாரிகள் உண்டு. துறைமேல் வழக்கு வந்தால் வாதாடுவது பெரும்பாலும் நீதி அமைச்சகத்தார். துறைக்குச் சட்ட யோசனை சொல்வது இன்டீரியர் அமைச்சகத்தின் சொலிசிட்டர் அலுவலகம். நம் மாணவருக்கு அங்கேதான் இடம், அதுவும் கோப்புகளுக்கு நடுவே.

ஒரு தவளையை அழியும் நிலையில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மனு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, கையில் உள்ள சிறந்த அறிவியல் தரவை மட்டும் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். எவ்வளவு பணம் நட்டமாகும் என்று பார்க்கக் கூடாது. முடிவு பிடிக்காதவர் வழக்குப் போடுவார்.

இங்கேதான் நாம் எல்லோரும் தவறாக நினைக்கிறோம். தவளை அழிகிறதா இல்லையா என்று நீதிபதி புதிதாக விசாரிப்பதில்லை. முடிவெடுத்த நாளில் துறையின் முன்னால் என்னென்ன காகிதம் இருந்தது, அதிலிருந்து அந்த முடிவுக்கு நியாயமாக வர முடியுமா என்றுதான் பார்ப்பார். மறுமதிப்பீட்டுக்குப் போன விடைத்தாள் மாதிரி: தேர்வு முடிந்தபின் நினைவுக்கு வந்த பதிலுக்கு மதிப்பெண் கிடையாது.

அதனால் அந்தக் கோப்பைத் திரட்டுவது பெரிய வேலை. கள ஆய்வறிக்கை, வரைபடம், மின்னஞ்சல், பொதுமக்கள் எழுதிய கருத்து எல்லாவற்றையும் மாணவர் வரிவரியாகப் படிப்பார். குளத்தருகே நின்று உயிரியலாளர் எழுதிய எண்ணிக்கைக்கு இறுதி உத்தரவில் பதில் இல்லையென்றால், அதைக் குறித்துத் தன் வழக்கறிஞரிடம் சொல்வார். அந்த ஒரு குறிப்பால் ஓர் உத்தரவு பிழைக்கலாம். இதைச் சலிப்பான வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மாணவரின் காகிதத்துக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு டென்னசியைப் பார்க்கலாம். அங்கே சட்டம் படித்த ஹாங்க் ஹில், துறைக்கு வெளியே இருந்தவர். ஸ்னைல் டார்டர் என்ற விரல் நீள மீனைப் பற்றிக் கட்டுரை எழுதப்போய், தன் பேராசிரியர் சிக்மண்ட் பிளேட்டரோடு சேர்ந்து மனுக் கொடுத்தார். 1975இல் மீன் பட்டியலில் ஏறியது. அந்த மீன் வாழ்ந்த ஆற்றில் ஏறக்குறைய கட்டி முடிந்திருந்த டெலிகோ அணையை 1978இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. மறு ஆண்டே நாடாளுமன்றம் விலக்குக் கொடுத்து அணையை முடிக்க வைத்தது. ஆனால் மீனை அதற்குள் வேறு ஆறுகளில் விட்டிருந்தார்கள்; வேறு இடங்களிலும் கண்டுபிடித்தார்கள். 2022இல், இனி ஆபத்தில்லை என்று அதைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள்.