பட்டி விடயத்தில் பேரம் பேசாதீர்கள்

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனிடம் ஆட்கள் எதையும் கேட்டு வருவார்கள். பிரேக் பேட், விளக்குக் கண்ணாடி, கதவுப் பிடி என்று கேட்பது வழக்கம். சில வருடங்களாக இன்னொன்றையும் கேட்கிறார்கள். "நானா, பெல்ட் சத்தத்த நிப்பாட்டுற கிளிப் இருக்கா?"

விடயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இப்போதைய வாகனங்களில் ஆசனப்பட்டி போடாமல் ஓடினால் 'டிங் டிங்' என்று சத்தம் வரும். பட்டியை மாட்டும் பூட்டுக்குள் ஒரு சிறிய இரும்புத் துண்டைச் செருகிவிட்டால், பட்டி போட்டாயிற்று என்று வாகனம் ஏமாந்துவிடும். சத்தம் நின்றுவிடும். எதற்கு இது என்று விசாரித்தால் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான். "புள்ளைகளுக்குப் போட்டா கழட்டுதுகள். சத்தம் தாங்க ஏலாம இருக்கு."

சிறிய சாமான், நல்ல இலாபம். ஆனாலும் நான் அதை விற்பதில்லை. கேட்டு வந்தவர் அடுத்த கடைக்குப் போவார். என்னிடம் வாங்க வந்த மற்றச் சாமானையும் சில வேளை அங்கேயே வாங்கிக்கொள்வார். போகட்டும். அந்தச் சத்தத்தை அடக்கிவிட்டால், ஒரு பிள்ளை பட்டியில்லாமல் இருக்கிறது என்று எடுத்துச் சொல்ல அந்த வாகனத்தில் வேறு யாரும் இல்லை.

வியாபாரப் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பு எதற்கு என்று வாசகர்கள் கேட்க வேண்டாம். கிழமை நாட்களில் சாமான் ஏற்றும் வேனிலேதான் நம்மில் பலருடைய குடும்பங்கள் லீவு நாட்களில் ஊருக்குப் போகின்றன. எனவே இவ்வாரம், சின்னப் பிள்ளைகள் பட்டியைக் கழற்றாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கொஞ்சம் பார்ப்போம்.

மடியில் இருந்தால் போதுமா?

"பிள்ளை உம்மாவின் மடியில்தானே இருக்கிறது" என்று சொல்லாத குடும்பம் குறைவு. இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் ஒரு மதிலில் மோதுகிறது. முன்பகுதி அரை மீற்றர் நசுங்கி வாகனம் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணத்தில் 10 கிலோ நிறையுள்ள குழந்தை, ஏறக்குறைய 200 கிலோ பாரம்போல முன்னோக்கி இழுக்கும். அதாவது 50 கிலோ அரிசி மூட்டைகள் நான்கு. புறக்கோட்டையில் வருடக்கணக்காக மூட்டை சுமக்கும் நாட்டாமிமாராலும் நான்கு மூட்டையைக் கையில் தாங்கிப் பிடிக்க முடியாது. உம்மாவால் எப்படி முடியும்? உம்மாவும் பட்டி போடாமல் இருந்தால் அவருடைய பாரமும் சேர்ந்து பிள்ளையின் மேல்தான் விழும்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 50 கிலோமீற்றர் வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். தெற்கு அதிவேகப் பாதையில் 100 கிலோமீற்றர் வேகத்தில் போகிறோம். அது ஏறக்குறைய 39 மீற்றர், பதின்மூன்று மாடி. மொட்டை மாடியில் பிள்ளை விளிம்புக்குப் போனால் பதறி ஓடிப் பிடிக்கிற நாம், அதிவேகப் பாதையில் அதே பிள்ளை இரண்டு ஆசனங்களுக்கு நடுவில் நின்று வேடிக்கை பார்க்கும்போது சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

பட்டி அணிவதால் வாகனத்தில் இருப்பவர் இறக்கும் அபாயம் 50 வீதம் வரை குறையும் என்றும், குழந்தைக்குரிய விசேட ஆசனத்தால் கைக்குழந்தைகளின் மரணம் 71 வீதம் குறையும் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு ரூபாய்க்கு இவ்வளவு பலன் தரும் முதலீடு வியாபாரத்தில் எங்கே கிடைக்கிறது?

பொலிஸாருக்காகப் போடும் பட்டி

நமது நாட்டில் சாரதியும் முன்னாசனத்தில் இருப்பவரும் பட்டி அணிய வேண்டும் என்பது 2011 ஒக்டோபரில் கட்டாயமானது. அடுத்த மாதமே தெற்கு அதிவேகப் பாதையும் திறக்கப்பட்டது. ஆனால் பட்டி என்றால் முன்னால் இருப்பவருக்கு, அதுவும் தண்டப்பணத்துக்குப் பயந்து போடுவது என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. தூரத்தில் பொலிஸாரைக் கண்டதும் பட்டியை இழுத்து நெஞ்சுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடும் சாரதிகளை எல்லோரும் கண்டிருப்போம். பின்னால் இருக்கும் பிள்ளைகளும் அதைக் கண்டுகொண்டுதான் வருகிறார்கள். வாப்பா போடாத பட்டியை மகன் போடமாட்டான். இந்த விடயத்தில் முதல் மருந்து வாப்பாவுக்குத்தான்.

ஒரே விலைக் கடை

பேரம் பேசும் கடையும் இருக்கிறது, ஒரே விலைக் கடையும் இருக்கிறது. ஒரே விலைக் கடைக்குள் நுழைபவர் வாயைத் திறப்பதில்லை. கேட்டுப் பயனில்லை என்று தெரியும். ஆனால் அதே கடைக்காரர் ஒரே ஒரு நாள், ஒரே ஒருவருக்கு ஐம்பது ரூபாய் குறைத்துக் கொடுத்துவிட்டால் மறுநாளிலிருந்து அந்தக் கடையிலும் பேரம்தான். பிள்ளைகளைப் போலப் பேரம் பேசத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. பட்டி விடயத்தில் நம் வாகனம் ஒரே விலைக் கடையாக இருக்க வேண்டும்.

அதற்குச் செய்ய வேண்டியவை அதிகமில்லை.

எல்லோருடைய பட்டியும் மாட்டப்படும் வரை வாகனம் நகரக் கூடாது. பள்ளிக்குப் போனாலும், சந்தியில் பாண் வாங்கப் போனாலும் இதே சட்டம்தான். 'பக்கத்தில்தானே' என்று ஒருநாள் விட்டுக்கொடுத்தால் அதுதான் அந்த ஐம்பது ரூபாய்.

ஓடும்போது பிள்ளை கழற்றினால் சத்தம் போட வேண்டாம், திரும்பிப் பார்த்து அடிக்கவும் வேண்டாம். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரத்தில் நிறுத்துங்கள். "பட்டி இல்லாமல் வாகனம் ஓடாது மகன்" என்று ஒரே ஒரு வசனம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மாட்டியதும் புறப்படுங்கள். முதல் நாளில் நாலைந்து தடவை நிறுத்த வேண்டி வரலாம். அவசரமில்லாத ஒரு நாளில் இதை ஆரம்பிப்பது நல்லது. அதிவேகப் பாதையில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆகவே ஊர் வீதியில் பழக்கிய பிறகே அங்கே கொண்டு போங்கள்.

பொறுப்பைப் பிள்ளையிடமே கொடுங்கள். எல்லோரும் போட்டுவிட்டார்களா என்று பார்த்து "சரி, போகலாம்" என்று சொல்வது ஐந்து வயது மகளின் வேலையாக இருக்கட்டும். உம்மம்மா பட்டி போடாவிட்டால் பேத்தி விடமாட்டாள். பயண துஆ ஓதிப் புறப்படும் வீடுகளில், பட்டி மாட்டிய பிறகே ஓதுவது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் சேர்ந்தே பழக்கமாகிவிடும்.

தினமும் சொக்லட் கொடுத்துப் பட்டி போட வைக்காதீர்கள். சொக்லட் இல்லாத நாளில் பட்டியும் இருக்காது.

கழற்றுவதற்கும் காரணம் உண்டு

பிள்ளை பிடிவாதத்தால் மட்டும் கழற்றுகிறது என்று நினைப்பது தவறு. பல வேளைகளில் பட்டி பிள்ளையை வருத்துகிறது. வாகனத்தின் பட்டி பெரிய ஆட்களின் உடம்புக்கு அளந்து செய்யப்பட்டது. சின்னப் பிள்ளைக்கு அது கழுத்தை அறுக்கும், வயிற்றில் ஏறும். உடனே பிள்ளை மேல்பட்டியைக் கக்கத்துக்குக் கீழே அல்லது முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். அப்படிப் போடுவது ஆபத்து. கீழ்ப்பட்டி இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும். மேல்பட்டி தோளின் நடுவாகப் போக வேண்டும்.

இதற்குத்தான் வயதுக்கேற்ற ஆசனங்கள் இருக்கின்றன. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் ஆசனம், அது சிறிதானதும் முன்னோக்கிப் பார்க்கும் ஆசனம், பிறகு பிள்ளையை உயர்த்தி வைக்கும் பூஸ்டர். நாட்டுக்கு நாடு வித்தியாசம் இருந்தாலும், 135 முதல் 150 சென்றிமீற்றர் வரை வளர்ந்த பிறகே பிள்ளைக்குப் பெரியவர்களின் பட்டி மட்டும் போதும் என்கிறார்கள். பூஸ்டரில் உயர்ந்து உட்கார்ந்தால் யன்னல் வழியே வெளியே பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளுக்கும் அது பிடித்துப் போகும். அதற்குப் பதிலாகத் தலையணையை வைக்காதீர்கள். மோதும்போது அது வழுக்கிக்கொண்டு போய்விடும். எயார்பேக் உள்ள முன்னாசனத்தில் பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை ஆசனத்தை ஒருபோதும் வைக்கக் கூடாது. விரியும் பேக் குழந்தையின் தலைக்குப் பின்னால் நேரே அடிக்கும்.

பாவித்த குழந்தை ஆசனம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் இரண்டு விடயங்களைக் கேளுங்கள். எந்த ஆண்டு செய்தது? விபத்தில் சிக்கியதா? பதில் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஜப்பானில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விசேட ஆசனம் 2000ஆம் ஆண்டிலிருந்தே கட்டாயம். எனவே அங்கிருந்து வந்த வாகனங்கள் பலவற்றில், பின்னாசனத்தின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் இடையில் குழந்தை ஆசனத்தைப் பூட்டும் இரும்பு வளையங்கள் இருக்கின்றன. ஐசோஃபிக்ஸ் என்பார்கள். விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பணம் கொடுத்து வாங்கிய வாகனத்தில் இருப்பதைப் பாவிக்காமல் விடுவானேன்?

பட்டியின் ஆரோக்கியம்

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் வீதியில் ஓடுபவற்றில் பழைய வாகனங்கள் நிறைய. பழைய வாகனத்தின் பட்டியும் பழையதுதான்.

முதலாவது, பின்னாசனப் பூட்டு எங்கே என்று தேடுங்கள். அழகான சீட் கவர் போடும்போது பூட்டுகளை அடியில் தள்ளி மூடிவிடுவது நமது ஊர் வழக்கம். வெளியே எடுத்து விடச் சொல்லுங்கள். பட்டியை வெடுக்கென்று இழுத்தால் அது பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் சுருள் பெட்டியை மாற்ற வேண்டும். ஓரம் கிழிந்த பட்டியையும், பெரிய விபத்தில் இழுபட்ட பட்டியையும் தைத்துப் பாவிக்கக் கூடாது. அழுக்கானால் இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். வெளுக்கும் மருந்து வேண்டாம். பூட்டு சரியாக விழாவிட்டால் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். பிள்ளைகள் போட்ட நாணயமோ ஒட்டிய டொபியோ இருக்கலாம். எண்ணெய் விடாதீர்கள். வெயிலில் நின்ற வாகனத்தில் பூட்டின் உலோகம் சுடும். முதலில் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஒருமுறை சுட்ட பிள்ளை அடுத்த தடவை அழுவது நியாயம்தானே.

மெத்தை விரித்த வேன்

கொழும்பிலிருந்து காத்தான்குடி, அக்கரைப்பற்றுப் பக்கம் இரவில் போகும் குடும்பங்கள், வேனின் பின்னாசனத்தை மடித்து மெத்தை விரித்துப் பிள்ளைகளைத் தூங்கப் போடுவதுண்டு. பிள்ளைகளுக்குச் சந்தோஷம், பெரியவர்களுக்கு நிம்மதி. ஆனால் இரவு வீதியில் மாடோ யானையோ குறுக்கிட்டு, சாரதி பிரேக்கில் கால் வைத்தால் அந்த மெத்தையில் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்த ஒன்றுமே இல்லை. பட்டியோடும் தூங்கலாம். கழுத்துக்குச் சிறிய தலையணை வையுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இறக்கி, நடக்க விடுங்கள். நடுவில் நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிள்ளை அதுவரை பொறுத்திருக்கும்.

பாடசாலை வேனுக்கும் இதே கதைதான். மாதாமாதம் காசு கொடுப்பவர்கள் நாம். பத்துப் பேர் அமரும் வேனில் எத்தனை பிள்ளைகள், எத்தனை பட்டிகள் என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. ஒருவர் கேட்டால் சாரதி முறைப்பார். ஒரே வேனில் அனுப்பும் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து கேட்டால் மறுக்க முடியாது.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

இன்று நாம் போடும் மூன்று முனைப் பட்டியை 1959இல் உருவாக்கியவர் நில்ஸ் போலின். சுவீடனின் வொல்வோ நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு வொல்வோ மற்ற நிறுவனங்களிடம் பெரும் பணம் சம்பாதித்திருக்கலாம். ஆனால் யாரும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டது. அதனால் அந்த நிறுவனம் அழிந்துபோகவில்லை. 'வொல்வோ என்றால் பாதுகாப்பு' என்ற பெயர் இன்றைக்கும் அதற்குச் சோறு போடுகிறது.

நம்மிடம் உரிமம் ஒன்றும் இல்லை. ஆனால் சீட் கவர் தைப்பவர் பூட்டை வெளியே எடுத்து விடலாம். வாகனம் விற்பவர் சாவியைக் கொடுக்கும்போது பின்னாசனப் பட்டிகளை ஒருமுறை இழுத்துக் காட்டலாம். முதலாளிமார் தங்கள் சாரதிகளுக்கு, குடும்பத்தை ஏற்றும்போது பட்டி இல்லாமல் வேனை எடுக்கக் கூடாது என்று உத்தரவிடலாம். இவற்றுக்கெல்லாம் கைக்காசு போவதில்லை.

அடுத்த தடவை குடும்பத்தோடு புறப்படும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, பின்னாசனத்தில் எத்தனை பூட்டு இருக்கிறது, எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும்.