கியூவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரி ஏழு முறை உலக ஸ்நூக்கர் பட்டம் வென்றவர். 1990 முதல் 1999 வரை வென்ற அந்த ஏழு பட்டங்களுக்கும் ஒரே கியூதான், பந்தை அடிக்கிற ஒரே கோல்தான். சிறுவனாக இருந்தபோது 40 பவுண்டுக்கு வாங்கியது. ரெக்ஸ் வில்லியம்ஸ் என்ற மூத்த ஆட்டக்காரரின் பெயர் போட்டு விற்ற, கடையில் கிடைக்கிற ரகம். அது ஒருமுறை திருட்டுப் போனபோது, மீட்டுத் தருகிறவருக்கு 10,000 பவுண்டு தருவதாக ஹென்ட்ரி அறிவித்தார். நாற்பது எப்படிப் பத்தாயிரம் ஆனது என்று புரிந்துகொண்டால், கியூ வாங்கப் போகிற யாரும் பணத்தை வீணாக்க மாட்டார்கள்.

குஜிலியம்பாறை, பாளையம், வேடசந்தூர் பக்கத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் திண்டுக்கல், கரூர், கோவை என்று போகிறார்கள். போன இடத்தில் பூல் மேசை கண்ணில் பட்டுவிட்டால், கேரம் பலகையில் வளர்ந்த பிள்ளைக்கு அதை விட்டு வர மனசு வராது. எந்தக் கோணத்தில் அடித்தால் காய் குழியில் விழும் என்று பார்க்கிற கண் ஏற்கெனவே பழகியிருக்கிறது. ஆறு மாதத்தில் "சொந்தமா ஒரு ஸ்டிக் வாங்கிக்கலாமா?" என்ற ஆசை எழும். நியாயமான ஆசை. கடையில் ஆயிரம் ரூபாய்க்கும் கியூ இருக்கிறது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

பூலின் உறவான ஸ்நூக்கரும் நமக்கு அந்நியமான ஆட்டம் அல்ல. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த ஸ்நூக்கருக்கு முறையான விதிகள் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில், 1882-இல். 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண். விதி எழுதிய மண்ணிலிருந்தே உலக வெற்றியாளரும் வந்துவிட்டார்.

கியூவுக்கு வருவோம். ஸ்நூக்கர் கியூ 57, 58 அங்குல நீளம் இருக்கும். எடை 17 முதல் 19 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய அரைக் கிலோ. நுனித் தோல் 9.5 அல்லது 10 மில்லிமீட்டர் அகலம். பூல் பந்து ஸ்நூக்கர் பந்தைவிடப் பெரியது, கனமானது. அதனால் பூல் கியூவின் நுனியும் 12, 13 மில்லிமீட்டருக்குத் தடித்திருக்கும். எடையும் கொஞ்சம் கூடுதல். ஸ்நூக்கருக்கு ஆஷ் மரம், பூலுக்கு மேப்பிள் மரம் என்பது பொதுவான வழக்கம். இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். ஆஷ் மரத்தில் ரேகை கறுத்து, அம்புமுனை அம்புமுனையாக அடுக்கிக்கொண்டு தெரியும். அந்த முனைகளைப் பார்த்தே ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் கியூவை ஒரே வாக்கில் திருப்பிப் பிடிக்கிறார். மேப்பிள் வழுவழுப்பானது, ரேகை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

விலையில் முதல் பங்கு மரத்துக்குப் போகிறது; அதிலும், வேண்டாம் என்று ஒதுக்கிய மரத்துக்கு. ரேகை நுனியிலிருந்து அடிவரை நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் நழுவினால் கியூ பின்னாளில் வளையும். நல்ல பட்டறையில் கட்டையைப் பல மாதம், சில சமயம் வருடக்கணக்கில் காயப் போடுவார்கள். கொஞ்சம் செதுக்குவார்கள், மறுபடி தொங்கவிடுவார்கள், அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து மறுபடி செதுக்குவார்கள். பூல் கியூ பெரும்பாலும் கடைசல் இயந்திரத்தில் உருவாகிறது. ஸ்நூக்கர் கியூவை இன்றும் கையால் இழைக்கிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். லண்டனின் ஜான் பாரிஸ் அப்படிப் பெயர் பெற்றவர். கைப்பிடிப் பக்கம் கருங்காலி மரத்தை நான்கு கூர்முனைகளாக வெட்டி ஆஷ் மரத்துக்குள் செருகி ஒட்டுவது தனி வேலை. கையால் செய்தால் நான்கு முனையும் வளைந்து முடியும். இயந்திரத்தில் செய்தால் ஊசிபோல் கூராக முடியும். இந்த ஒட்டு கனத்தைப் பின்கைக்குக் கொண்டுவருகிறது, அதனால் வெறும் அலங்காரம் என்று தள்ள முடியாது. நம் ஊர் ஆசாரி ஒருவர் கையில் இதைக் கொடுத்தால், விலைச்சீட்டைப் பார்க்காமலே வேலைப்பாட்டை மதித்துச் சொல்லிவிடுவார் என்பது என் நம்பிக்கை.

ஆனால் பந்தைத் தொடுவது மரம் அல்ல, தோல். தோல் நுனி வருவதற்கு முன்பு பந்தின் நடுவைத் தவிர வேறெங்கும் அடிக்க முடியாது; அடித்தால் கட்டை வழுக்கிவிடும். 1807 வாக்கில் பிரான்ஸின் பிரான்சுவா மேங்கோ கியூ நுனியில் தோலை ஒட்டி ஆடியபோது ஆட்டமே மாறியது. பந்தின் கீழே அடித்தால் பின்னோக்கி உருண்டு வருகிறது. பக்கத்தில் அடித்தால் சுழன்றபடி போய் விளிம்பில் மோதித் திசை மாறுகிறது. தோலும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய நேரத்தில் வழுக்காமல் பிடிப்பதற்குத்தான் நுனியில் சாக் தேய்ப்பது. இது பள்ளிக்கூடச் சாக்பீஸ் அல்ல. வில்லியம் ஸ்பிங்க்ஸ் என்ற ஆட்டக்காரரும் வில்லியம் ஹாஸ்கின்ஸ் என்ற வேதியியலாளரும் 1897-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவையிலிருந்து வளர்ந்தது. சிலிக்கா, குருந்தம் போன்ற கடினமான துகள்கள் அதில் இருக்கின்றன.

ஆக, ஆட்டத்தை மிக அதிகமாக மாற்றுகிற பாகமே விலை குறைந்த பாகமும்கூட. சில நூறு ரூபாய்த் தோலைச் சரியாக ஒட்டி, நுனியை ஒரு நாணயத்தின் வளைவுக்குச் சீவி வைத்தால் இரண்டாயிரம் ரூபாய் கியூவும் சொன்னபடி கேட்கும். தோல் கல்லாக இறுகிப் பளபளத்துவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் கியூவும் வழுக்கும். பூல் பார்லரில் சுவரோரம் இருக்கிற பொதுக் கியூக்கள் மேல் வருகிற எரிச்சலில் பாதி இந்தத் தோலால் வருவதுதான்.

அடுத்தது, பக்கச் சுழற்சி கொடுக்கும்போது பந்து குறிவைத்த கோட்டிலிருந்து கொஞ்சம் எதிர்ப்பக்கம் விலகிப் போகிற சங்கதி. பந்தின் இடப்பக்கம் அடித்தால் அது சற்றே வலப்பக்கம் நழுவும். அடிக்கிற கணத்தில் கியூ நுனியும் பந்தும் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளுகின்றன. நுனியில் கனம் கூடக் கூடப் பந்து அதிகமாக விலகும். 1994-இல் வந்த பிரிடேட்டர் 314 என்ற கியூத்தண்டு, நுனிப்பகுதியின் எடையைக் குறைத்து இந்த விலகலைக் குறைத்தது. இப்போது கார்பன் இழைத் தண்டுகள் வந்திருக்கின்றன. முன்பாதி மட்டும் ஐந்நூறு டாலரை ஒட்டி விற்கிறது. இது ஏமாற்று வேலை அல்ல, இயற்பியல் உண்மையானது. கார்பன் தண்டு வளைவதும் இல்லை. ஆனாலும் விலகல் குறையுமே தவிர முழுதாகப் போகாது. எந்தக் கியூவானாலும் கண்ணும் கையும் அதைக் கணக்கில் சேர்க்கக் கற்றே ஆக வேண்டும். ஹென்ட்ரியின் நாற்பது பவுண்டு பத்தாயிரமாக ஏறியது இந்த இடத்தில்தான். அவருடைய கணக்கெல்லாம் அந்த ஒரு கட்டையின் நழுவலுக்குப் பழகியிருந்தது.

இதற்கு மேலே போகிற பணம் பெரும்பாலும் கண்ணுக்கும் பெயருக்கும் போகிறது. அமெரிக்காவில் ஜார்ஜ் பலாபுஷ்கா 1975-இல் காலமாகும்வரை செய்த கியூக்களைச் சேகரிப்பவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். 1986-இல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்தில் பலாபுஷ்கா என்று காட்டப்படுவது உண்மையில் ஜாஸ் நிறுவனத்தின் கியூ; திரையில் யாருக்கும் வேற்றுமை தெரியவில்லை. கைவேலையை மதித்து வாங்குவதில் தவறே இல்லை. அதனால் ஆட்டம் கூடும் என்று நினைத்து வாங்கினால்தான் ஏமாற்றம்.

2003 செப்டம்பரில் பாங்காக்கிலிருந்து திரும்பிய பயணத்தில் ஹென்ட்ரியின் கியூ பழுதுபார்க்க முடியாதபடி உடைந்தது. இரண்டே மாதத்தில், நவம்பரில், வேறொரு கியூவோடு பிரிட்டிஷ் ஓபன் இறுதியில் ரோனி ஓசல்லிவனை வென்றார். பழகிய கட்டைக்கு அவ்வளவு மதிப்பு உண்டு. பயிற்சிக்கு அதைவிட அதிக மதிப்பு உண்டு.

நம் பக்கத்து ஆட்டக்காரர்கள் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் பூட்டிய காருக்குள் கியூவை விட்டால் மரம் முறுக்கிக்கொள்ளும், ஒட்டு விடும். சுவரில் சாய்த்தே வைத்திருந்தாலும் வளையும். வாங்கும்போது மேசைமேல் உருட்டிப் பாருங்கள். நுனி எம்பி எம்பி உருண்டால் வேண்டாம். ஆசாரி சட்டம் பார்ப்பதுபோல் ஒற்றைக் கண்ணில் நீளவாக்கிலும் பாருங்கள். விமானத்தில் கையோடு கொண்டுபோக விடமாட்டார்கள், ஆகவே பயணம் உண்டென்றால் கெட்டியான பெட்டி அவசியம்.

முதல் கியூவுக்கு ஐயாயிரம் ரூபாயைத் தாண்டாதீர்கள். நேரான ரேகை, நடுவில் ஆட்டம் இல்லாத திருகு இணைப்பு, நல்ல தோல், இவை மூன்றும் இருந்தால் போதும். மிச்சப் பணத்தை மேசை வாடகைக்கு வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு வருடம் அதே கியூவை மாற்றாமல் ஆடுங்கள்.